பெருவிரல் எலும்புப் புடைப்பு: சின்னத் துளையா, திறந்து செய்வதா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். வலது காலில் பெருவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்து, அதன் அடியில் உள்பக்கமாக எலும்பு புடைத்து நிற்கிறது. வலி தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது இரண்டாம் விரலுக்கு அடியிலும் காய்ப்பு விழுந்து குத்துகிறது. சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) குளிசை குடிக்கிறார். கண்டி கிளினிக்கில் ‘திறந்து செய்வோம், தேதி வரும்வரை பொறுங்கள்’ என்றார்கள். கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் ‘சின்னத் துளை போட்டே செய்யலாம், அன்றைக்கே நடக்கலாம்’ என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். நகையை அடகு வைத்துக் கொழும்புக்குப் போவதா, கண்டியில் காத்திருப்பதா என்று கேட்கிறீர்கள்.

நான் ஒபரேஷன் செய்பவள் அல்ல. மலையகத்தில் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கத்தி வைத்த டொக்டரின் வேலை ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அந்தக் காலைத் திரும்ப நடக்கவைக்கும் வேலை எங்களிடம் வரும். அதனால் ஒபரேஷனுக்குப் பிறகு வரும் மூன்று மாதங்களை வைத்துத்தான் நான் இதைப் பார்ப்பேன். என் பதில் இதுதான்: நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே அறிக்கைப்படி அம்மாவின் காலுக்கு இரண்டு முறையும் பொருந்தும். துளை முறைக்கென்று நான் கடன் வாங்கமாட்டேன். அது மோசமான முறை என்பதால் இதைச் சொல்லவில்லை. அது தரும் நன்மை உங்கள் அம்மாவுக்கு எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது என்று பார்த்தால் அந்தத் தொகைக்கு ஈடாகவில்லை.

முதலில் இந்தப் புடைப்பு என்னவென்று பார்ப்போம். ஹாலக்ஸ் வால்கஸ் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பார்கள். பலரும் நினைப்பதுபோல எலும்பு புதிதாக வளர்ந்து வெளியே வருவதில்லை. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீள எலும்பு உள்பக்கமாக விலகுகிறது, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரண்டும் சந்திக்கும் மூட்டு முழங்கை மடங்கியதுபோல வெளியே தெரிகிறது. அந்த முனையில் செருப்பு உரசி, தோல் தடித்து, நீர்ப்பை வீங்கும்போதுதான் சிவந்த கட்டியாகத் தெரிகிறது. ஆகவே புடைப்பை மட்டும் சீவி எடுத்தால் தீராது. வீட்டு நிலை சாய்ந்து கதவு இடிக்கும்போது கதவின் ஓரத்தை இழைத்துவிட்டு வருகிற ஆசாரி வேலைதான் அது. அடுத்த மழைக்குத் திரும்ப இடிக்கும். விலகிய எலும்பை வெட்டி நகர்த்தி நேராக்கினால்தான் பலன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். துளை முறையிலும் எலும்பை வெட்டத்தான் வேண்டும்.

ஏன் வருகிறது? குடும்பவாகு பெரிய காரணம். உங்கள் பாட்டிக்கும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நெகிழ்ந்த மூட்டு, தட்டைப் பாதம், மூட்டுவாதம் ஆகியவையும் உண்டு. முன்பக்கம் ஒடுங்கிய சப்பாத்து அதைக் கிளறிவிடும். ஹொங்கொங்கில் சப்பாத்துப் போட்டவர்களையும் வெறுங்காலோடு திரிந்தவர்களையும் ஒப்பிட்டு 1958இல் வந்த பிரபலமான ஆய்வு ஒன்றில், முதல் கூட்டத்தில் 33 சதவீதத்தினருக்கும் இரண்டாம் கூட்டத்தில் 2 சதவீதத்தினருக்கும் இந்தச் சாய்வு இருந்தது. அம்மா வாழ்நாளில் பாதி வெறுங்காலோடு மலையில் நின்றவர், அவருக்கு ஏன் என்று கேட்பீர்கள். அந்த 2 சதவீதம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும். வாகு இருந்தால் வெறுங்காலுக்கும் வரும். சரிவில் பாதத்தைப் பக்கவாட்டில் ஊன்றி, முதுகுச் சுமையோடு வருடக்கணக்காக நின்றால் அந்த மூட்டு சும்மா இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஒபரேஷனுக்கு முன்னால் இன்னொன்று. இது வலிக்காகச் செய்வது. வலி இல்லாமல், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகவோ, இனி மோசமாகும் என்ற பயத்தாலோ செய்யக்கூடாது. அகலமான செருப்பு, புடைப்பு உரசாத வார், விரலிடுக்கில் சிலிக்கன் துண்டு, பாதத்துக்கு அடியில் மெத்தை, இவற்றைச் சில மாதங்கள் பாவித்துப் பார்ப்பதுதான் முதற்படி. இவை விரலை நேராக்காது, வலியைக் குறைக்கும். பலருக்கு அதுவே போதும். இரவில் கட்டும் ‘விரல் நேராக்கி’ என்று இணையத்தில் விற்கிறார்களே, வளர்ந்தவர்களின் காலை அது நேராக்கியதை நான் பார்த்ததில்லை. தைலமும் அப்படித்தான். தடவ வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எலும்பு நகரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அம்மா இவற்றையெல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் செய்து பார்த்துவிட்டார், இன்னும் மலையேறும்போது கண்ணீர் வருகிறது என்றால், ஒபரேஷனைப் பற்றிக் கதைக்க நியாயம் இருக்கிறது.

(திடீரென்று ஓர் இரவில் மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலே துடிக்கிற வலி வந்தால் அது வேறு. யூரிக் அசிட்டாக இருக்கலாம். அதற்குக் கத்தி வேண்டாம், இரத்தப் பரிசோதனை வேண்டும்.)

சரி, இனி இரண்டு முறைகளுக்கு வருவோம்.

திறந்து செய்யும்போது பாதத்தின் உள்பக்கமாக ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் வரை கீறுவார்கள். மூட்டுறையைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்து, சின்ன வாளால் நீள எலும்பை வெட்டி, அதன் தலைப்பகுதியை மற்ற விரல்களின் பக்கம் நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். விரலை இழுத்துப் பிடிக்கும் தசைநாரைத் தேவைப்பட்டால் தளர்த்துவார்கள். மீந்து நிற்கும் புடைப்பைச் சீவுவார்கள். வெட்டும் வடிவத்துக்கு ஏற்ப இதற்குப் பல பெயர். தலைப்பகுதியில் அம்புமுனை வடிவில் வெட்டினால் செவ்ரான், எலும்பின் நீளத்துக்கு இசட் வடிவில் வெட்டினால் ஸ்கார்ஃப். விரல் எலும்பிலும் சின்ன ஆப்பு வடிவத் துண்டை எடுத்து நேராக்குவது ஏகின். இது 1925இலிருந்து இருக்கிறது. சாய்வு மிக அதிகமாகவோ, பாதத்தின் நடுவில் உள்ள அடிமூட்டு ஆடிக்கொண்டோ இருந்தால் அந்த மூட்டையே ஒட்டிவிடுவார்கள். அதற்கு லபிடஸ் என்று பெயர். 1934இல் அதைப் பரப்பிய டொக்டரின் பெயர்தான். பெருவிரல் மூட்டே தேய்ந்து போயிருந்தால் அதை அசையாமல் ஒட்டுவது இன்னொரு வழி.

துளை முறையில் மூன்று, நான்கு மில்லிமீற்றர் அளவில் சில துளைகள்தான். அதற்குள் இரண்டு மில்லிமீற்றர் பருமனுள்ள, சுழலும் அரக்கருவியை நுழைப்பார்கள். அது மெதுவாகத்தான் சுற்ற வேண்டும், மேலே உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் தோலும் எலும்பும் கருகும். உள்ளே கண்ணால் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்கும் எக்ஸ்ரே இயந்திரத்தின் திரையைப் பார்த்தபடி வெட்டுவார்கள். வெட்டிய தலையை எலும்பின் பாதி அகலத்துக்கோ அதற்கு மேலோ தள்ளி, பின்னாலிருந்து இரண்டு நீள ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பார்கள். மூட்டுறையைப் பெரும்பாலும் திறப்பதில்லை. முடிந்த பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயைப் பார்த்தால் உங்களுக்குப் பயம் வரும். எலும்பு உடைந்து விலகிக் கிடப்பதுபோல இடைவெளியோடு தெரியும். சில மாதங்களில் அந்த இடைவெளியில் புது எலும்பு நிரம்பிவிடும்.

துளை முறையைப் பற்றி நல்லதும் கெட்டதும் கலந்து கேள்விப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இது ஒரே முறை அல்ல. 1980களின் கடைசியிலும் 90களிலும் அமெரிக்காவில் செய்தபோது வெட்டிய எலும்பை ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கவில்லை. வெளியே துணிக்கட்டும் பிளாஸ்டரும்தான். எலும்பு நினைத்த இடத்தில் நிற்கவில்லை, சிலருக்குக் கோணலாக ஒட்டியது. அடுத்து ஒஸ்திரியாவில் பொஷ் என்ற டொக்டரின் வழியில், தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஒன்றைப் போட்டுப் பிடித்தார்கள். நாலைந்து கிழமையில் (வாரத்தில்) கம்பியை உருவுவார்கள். அதுவரை கம்பி நுழைந்த இடத்தில் கிருமி போகாமல் பார்க்க வேண்டும். 2010 அளவில் பிரான்ஸிலும் பிரித்தானியாவிலும் இரண்டு ஸ்க்ரூ போடும் இன்றைய முறை உருவானது. அதே 2010இல், சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம், துளை முறைகளுக்கு அதுவரை இருந்த ஆதாரம் போதாது, விசேட ஏற்பாடுகளோடு மட்டும் செய்யுங்கள் என்று சொல்லிவைத்தது. அது பழைய முறைகளைப் பார்த்துச் சொன்னது. இன்றைய முறையை அதை வைத்துத் தள்ளிவிடக்கூடாது. ஆனால் கொழும்பில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதில் இருக்கிறது: எலும்பை எதால் பிடிப்பீர்கள்? ‘ஸ்க்ரூ’ என்றால் மேலே கதைக்கலாம். ‘வெளியே கம்பி வரும்’ என்றால், லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) குளித்து, சேறு மிதித்து இருக்கும், சீனி வருத்தம் உள்ள ஒருவருக்கு நான் வேண்டாம் என்பேன்.

இன்றைய ஸ்க்ரூ முறையைத் திறந்த முறையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் 50 பேரைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு பாதிக்குத் துளை, மற்றப் பாதிக்கு ஸ்கார்ஃப். முதல் நாளிலிருந்து ஆறாம் கிழமை வரை துளைக்காரர்களுக்கு வலி தெளிவாகக் குறைவு. ஆறாம் மாதத்தில் எக்ஸ்ரே கோணத்திலும் கால் செயல்பாட்டிலும் இரண்டு பகுதியும் ஏறக்குறைய ஒன்று. ஒஸ்திரியாவில் செவ்ரானோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்விலும் மாதக்கணக்கில் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. நான் பார்க்கும் கால்களும் இதையேதான் சொல்கின்றன. முதல் கிழமைகளில் துளைக்காரர் சிரித்த முகத்தோடு வருவார். மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். நாலாம் மாதம் இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்கவைத்தால், தழும்பைப் பார்த்துத்தான் யாருக்கு எது என்று சொல்ல முடியும்.

துளை முறையின் நன்மைகளைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. முதல் ஒன்றரை மாத வலி குறைவு என்பது பெரிய விஷயம். வலிக்குளிசை குறையும், இரவில் தூக்கம் வரும். மூட்டைத் திறக்காததால் விறைப்பு குறையும் என்பது அதைச் செய்பவர்களின் வாதம், நியாயமானதும்கூட. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்குச் சின்னக் காயம் வரம். வீங்கிய பாதத்தில் பெரிய தையல் ஆறுவதைவிடச் சின்னது ஆறுவது சுலபம். இந்தக் கடைசி விஷயத்துக்காக, சீனி கட்டுப்பாட்டில் இருந்தாலும் தோல் மெலிந்த ஒருவருக்கு நானே துளை முறையை விரும்புவேன்.

மற்றப் பக்கம் செய்பவரின் கைப்பழக்கம். கண்ணால் பார்க்காமல், திரையைப் பார்த்து, விரல்நுனி உணர்வால் வெட்டுகிற வேலை இது. முதல் இருபது, முப்பது கால்கள்வரை எந்தத் திறமைசாலிக்கும் அது பயிற்சிக் காலம் என்று இத்துறை டொக்டர்களே எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் நேரம் கூடும், எக்ஸ்ரே கதிர் கூடும், ஸ்க்ரூ சரியான இடத்தில் நிற்காமல் போகலாம். ஸ்க்ரூவின் தலை தோலுக்கு அடியில் குத்தி, பின்னால் அதைக் கழற்ற வேண்டிவருவது இரண்டு முறையிலும் உண்டு, துளை முறையில் கொஞ்சம் கூடுதலாகவே பேசப்படுகிறது. திறந்த முறையை வருடக்கணக்காகச் செய்துவரும் கண்டி டொக்டரின் கை, துளை முறையைப் போன வருடம் பழகிய கையைவிட நல்லது. இதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்: ‘டொக்டர், இந்த முறையில் எத்தனை கால் செய்திருக்கிறீர்கள்?’ நல்ல டொக்டர் கோபிக்கமாட்டார்.

அடுத்து, ‘அன்றைக்கே நடக்கலாம்’ என்ற விளம்பரம். பொய் இல்லை. ஆனால் அவர்கள் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. செவ்ரான், ஸ்கார்ஃப் செய்தவர்களையும் நாங்கள் அன்றைக்கோ மறுநாளோ அடித்தட்டு விறைப்பான விசேட செருப்போடு, குதிகாலை ஊன்றி நடக்கவைக்கிறோம். லபிடஸ் செய்தவர்கள்தான் பெரும்பாலும் கிழமைக்கணக்கில் காலை ஊன்றாமல் இருக்க வேண்டிவரும். நடப்பது என்றால் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போவது, தேவாரம் படிக்க சாமி அறைக்குப் போவது. பஸ் பிடிக்க ஓடுவது அல்ல. வெட்டிய எலும்புக்குத் துளை சின்னது, கீறல் பெரிது என்று தெரியாது. அது ஒட்டுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும், எந்த முறையிலும்.

கோண விஷயம். நீங்கள் எழுதியதில் பெருவிரல் சாய்வு 32 பாகை, முதலாம், இரண்டாம் நீள எலும்புகளுக்கிடையிலான விலகல் 14 பாகை. சாதாரணமாக முதலாவது 15க்குக் கீழும் இரண்டாவது 9க்குக் கீழும் இருக்கும். முதலாவது 40ஐத் தாண்டினால், அல்லது இரண்டாவது 16ஐத் தாண்டினால் கடுமையானது என்பார்கள். அம்மாவுடையது நடுத்தரம். அதனால்தான் இரண்டு முறையும் பொருந்தும் என்றேன். ஆனால் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: அந்த எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா? படுக்கவைத்து எடுத்தால் உடம்பின் பாரம் பாதத்தில் விழாது, கோணம் குறைத்துக் காட்டும். நின்று எடுத்ததில் 14 என்பது 17 ஆகிவிட்டால் முறையே மாறலாம்.

இரண்டாம் விரலுக்கு அடியில் உள்ள காய்ப்பைப் பற்றி இரண்டு இடத்திலும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. பெருவிரல் தன் பாரத்தைத் தாங்காததால் அது பக்கத்து எலும்புக்குப் போகிறது. காய்ப்பு அதன் அடையாளம். ஒபரேஷனில் பெருவிரல் எலும்பு கொஞ்சம் குட்டையானால் இந்தப் பாரம் இன்னும் கூடும். புடைப்பு போன சந்தோஷம் நடுப்பாத வலியில் கரைந்துவிடும். துளை முறையில் அரக்கருவி தன் பருமன் அளவுக்கு எலும்பைத் தின்றுவிடும். அதை ஈடுசெய்ய வெட்டும் கோணத்தைச் சாய்ப்பார்கள். திறந்த முறையில் நீளத்தைக் கண்ணால் பார்த்துச் சரிப்படுத்தலாம், தேவைப்பட்டால் இரண்டாம் எலும்பையும் அதே நேரத்தில் சரிசெய்யலாம். துளை முறையிலும் அதற்கு வழி உண்டு. எங்கே போனாலும் காலைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். ‘இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த டொக்டர் காலைப் பார்த்தாரா, எக்ஸ்ரேயை மட்டும் பார்த்தாரா என்று கண்டுபிடிக்கலாம்.

சீனி வருத்தம் இரண்டு முறைக்கும் பொது. எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சீனிப் பரிசோதனையை எடுங்கள். 8க்கு மேலே இருந்தால் அவசரமில்லாத ஒபரேஷனைத் தள்ளிவைக்கிற டொக்டர்கள்தான் அதிகம், அது சரியும்கூட. பாதத்தில் நாடி நன்றாக இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்டியில் காத்திருக்கச் சொன்ன மாதங்களை இதற்குப் பயன்படுத்தலாம். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுபவராக இருந்தால் அதை நிறுத்தவும் அதே மாதங்கள்தான். நிக்கொட்டின் இரத்தக்குழாயை ஒடுக்கி எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். ஆண்கள் சிகரட்டை மறைப்பதுபோல எங்கள் பெண்கள் புகையிலையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி நான் நன்றாகத் தெரிந்து பேசக்கூடிய இடத்துக்கு வருகிறேன். கொழும்பில் செய்தால் அம்மா எப்படி வீடு வருவார்? அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் என்று வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. காலைத் தொங்கவிட்டபடி அவ்வளவு நேரம் இருந்தால் பாதம் பலூன்போல வீங்கும். இரத்தம் உறையும் ஆபத்தும் இருக்கிறது. பத்து, பதினான்கு நாளில் தையல் வெட்ட, ஆறாம் கிழமை எக்ஸ்ரேக்கு, வீங்கினால், கசிந்தால் என்று ஒவ்வொரு தடவையும் அதே பாதை. வாடகை வேன் பிடித்துப் பின் சீற்றில் காலை நீட்டித்தான் கொண்டுவர வேண்டும், அந்தச் செலவையும் தொகையோடு கூட்டுங்கள். கண்டி என்றாலும் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகத் தூரம்தான். ஆனால் இடையில் ஒரு சந்தேகம் வந்தால் திக்கோயாவிலோ நுவரெலியாவிலோ அரச ஆஸ்பத்திரியில் காட்டலாம். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதைப் பார்த்து அவர்களுக்கு விளங்கும். தனியாரிடம் செய்துவிட்டு, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வருபவர்களை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு வேறு. எங்கே செய்தாலும், என்ன ஒபரேஷன், என்ன ஸ்க்ரூ, எப்போது ஊன்றலாம் என்று எழுதி வாங்குங்கள்.

முதல் இரண்டு கிழமை கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், ஒரு நாளில் பெரும்பாலான நேரம். யார் தண்ணீர் எடுப்பார்கள், யார் சமைப்பார்கள்? உங்கள் லயத்தில் கழிவறை வெளியே, படி இறங்கிப் போக வேண்டும் என்றால் அதற்கு முன்கூட்டியே வழி செய்யுங்கள். குந்தும் கழிவறையில் பாதி உட்கார்ந்ததும் பெருவிரல் மூட்டு பின்னால் மடங்கும், ஆறு கிழமைக்கு அது கூடாது. துளை போட்ட இருக்கை ஒன்றை மேலே வைத்துக்கொள்ள ஆசாரியிடம் சொன்னால் அரை நாளில் செய்துவிடுவார். மூட்டையே ஒட்டும் ஒபரேஷனாக மாறிவிட்டால் குந்துவது எப்போதுமே சிரமம்தான். அதை ஒத்துக்கொள்ளும் முன் அம்மாவுக்கு இதை விளக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் புடைப்பு இருந்தாலும் ஒரே தடவையில் செய்யவிடாதீர்கள். ஊன்ற ஒரு நல்ல கால் வேண்டும்.

மாதத்தையும் பாருங்கள். உங்கள் பக்கத்தில் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மழை, சேறு, அட்டை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காய்ந்த பாதை. தேதியைத் தெரிவு செய்ய இடம் இருந்தால் ஜனவரி நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து அதிகம் வரும், அம்மா அதற்குள் மலைக்கு ஓடப் பார்ப்பார், விடாதீர்கள். ஆறு கிழமையில் அகலமான சப்பாத்து, மூன்று மாதத்தில் சமதரை வேலை, மலைச்சரிவில் சுமையோடு நிற்பதற்கு நான் நாலு மாதம் கேட்பேன். மாலையில் வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட வரும். அது ஒபரேஷன் பிழையாகப் போனதன் அடையாளம் அல்ல. துளை முறை செய்தாலும் இந்தக் கணக்கில் அதிகம் குறையாது. அதற்காகத்தான் நகையை அடகு வைக்க வேண்டாம் என்கிறேன். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் விழாத வீட்டில், அந்த நகை அந்த நாலு மாதச் சாப்பாட்டுக்கு வேண்டும்.

டொக்டரிடம் மருத்துவச் சான்றிதழ் வாங்கும்போது ‘மலை வேலை வேண்டாம், இலேசான வேலை’ என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். வெறுமனே ‘ஓய்வு’ என்று எழுதினால் அந்தத் திகதி முடிந்த மறுநாள், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்கு வந்து கூடையை எடுக்கச் சொல்வார்கள். திகதி முடிவதற்கு முன்னாலேயே கணக்கப்பிள்ளையிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் போய்க் கதைத்துவிட்டால் சில தோட்டங்களில் பெக்டரிப் பக்கம் மாற்றுவார்கள்.

கண்டியில் காத்திருப்பதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். விபத்தில் எலும்பு முறிந்து வருபவர்களுக்கு ஒபரேஷன் மேசை முதலில் போகும், உங்கள் தேதி பின்னுக்குப் போகலாம். ஒபரேஷன் இலவசம் என்றாலும் சில நேரம் ஸ்க்ரூவை வெளியே வாங்கிவரச் சொல்வார்கள்; அதற்குக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கவும். காத்திருக்கும் காலத்தில் புண் வந்தால், தோல் வெடித்தால், விரல் நிறம் மாறினால் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் போய்க் காட்டுங்கள்.

எந்த முறையில் செய்தாலும் வரக்கூடியவை: காயத்தில் கிருமி, விரலின் மேல்பக்கத்தில் மரத்துப்போதல், விறைப்பு, வருடங்கள் கழித்துத் திரும்பச் சாய்தல், அபூர்வமாக எதிர்ப்பக்கம் சாய்தல். கையெழுத்து வாங்கும்போது இவற்றை வேகமாகப் படித்துவிட்டுப் போவார்கள். நிறுத்திக் கேளுங்கள்.

என் முடிவு எப்போது மாறும்? அண்ணன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார், கடன் இல்லை, கொழும்பு டொக்டர் இந்த ஸ்க்ரூ முறையை வருடக்கணக்காகச் செய்கிறவர், ஒரு மாதம் அங்கேயே உறவினர் வீட்டில் தங்கலாம் என்றால், தாராளமாகத் துளை முறையைச் செய்யுங்கள். அம்மாவுக்கு அந்த ஆறு கிழமை இலேசாகப் போகும். அப்படி இல்லையென்றால் அடுத்த கிளினிக் நாளுக்கு மூன்று சாமான் கொண்டுபோங்கள்: நின்றபடி எடுத்த இரண்டு கால் எக்ஸ்ரே, எச்பிஏ1சி அறிக்கை, அம்மா மலைக்குப் போடும் அதே செருப்பு. செருப்பு எதற்கு என்று டொக்டர் கேட்டால், உள்ளே எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று காட்டுங்கள். பாரம் எங்கே விழுகிறது என்பதை எக்ஸ்ரேயைவிடச் சில நேரம் அது தெளிவாகச் சொல்லும்.